மாப்பிள்ளை துலக்கிய காசு

அத்தியாயம் 11

திரைச்சீலைக்குப் பின்னால் நின்றே கதை முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் சித்தி நபீஸா மாமி எப்போதுதான் முன்னால் வருவார் என்று மூன்று வாசகர்கள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். மருமகனுக்கு முன்னால் வர மாமிமார் கூச்சப்படுவது எங்கள் பக்கத்தில் இன்னும் பல வீடுகளில் உள்ளதுதான். அதற்கு நான் என்ன செய்ய? ஆனாலும் இந்த வாரம் வருவார். வர நேர்ந்த காரணம்தான் அவ்வளவு நல்லதல்ல.

கதையை இடையில் பிடித்தவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

காத்தான்குடி சாலிஹ் முப்பத்தோரு வருடம் பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய நாணயம் சேர்ப்பவர். ‘சல்லி சாலிஹ்’ என்று கேட்டால்தான் ஊரில் வீட்டைக் காட்டுவார்கள். ஒரே மகள் இனாயாவுக்கு ஏழு மாதத்துக்கு முன் கலியாணம் நடந்தது. எங்கள் வழக்கப்படி வீடு மகளுக்குப் போனது. மாப்பிள்ளை ஷிஹான் ஏறாவூரிலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்து முன்வீட்டில் குடியேறினான். சாலிஹும் மனைவி சித்தி நபீஸாவும் வளவின் பின்பக்கத்தில் கட்டிய சின்ன வீட்டுக்குப் போய்விட்டார்கள். சமையலும் சாப்பாடும் மட்டும் முன்வீட்டில் ஒன்றாகத்தான்.

ஷிஹான் நகைப் பட்டறையில் வேலை செய்கிறான். நல்ல கைக்காரன். இந்த வீட்டில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் அவனுடைய குறை.

வீட்டில் இருக்கிற நல்ல நாற்காலி அவனுக்கு. மீனில் நடுத்துண்டு அவனுக்கு. மாமா ஒரு நாளாவது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மருமகன், வாங்க. மருமகன், இருங்க. மருமகன், களைச்சிப் போயிருப்பீங்க.’ ஒரு பாக்கெட் உப்பு வாங்கி வா என்றுகூட ஏழு மாதத்தில் யாரும் அவனிடம் சொன்னதில்லை. அவனுடைய சொந்த வாப்பா உயிரோடு இருந்த காலத்தில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அவனுக்கு ஏச்சு விழும். வாப்பா மௌத்தாகி மூன்று வருடம். ஏச ஆளில்லாத வாழ்க்கை இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று ஷிஹான் நினைத்திருக்கவில்லை.

ஆகவேதான் கட்டாரிலிருந்து நண்பன் றுஸ்தி, ‘இஞ்ச ஒரு பட்டறையில ஆள் தேடுறாங்க, வாறியா?’ என்று கேட்டபோது உடனே சரி என்று சொல்லிவிட்டான். காசுக்காக அல்ல. விருந்தாளியாக இருப்பதென்றால் அந்நிய நாட்டிலேயே இருந்துவிடலாமே என்று ஒரு மனத்தாங்கல். போன வாரம் டிக்கெட் வந்துவிட்டது. இந்த மாதம் பதினெட்டாம் திகதி. இனாயாவுக்கு மட்டும் தெரியும். அவள் இரண்டு நாள் அழுதாள். பிறகு, ‘வாப்பாட்ட நீங்களே சொல்லுங்க, என்னால ஏலா’ என்று சொல்லிவிட்டாள்.

போன வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தோம். இன்று ஏழாம் திகதி, வெள்ளிக்கிழமை.

சாலிஹின் வாழ்க்கையில் முக்கியமான நாள். வந்தாறுமூலை கெம்பஸில் வரலாறு படிப்பிக்கும் தக்ஷாயினி மிஸ் பின்னேரம் நாலு மணிக்கு அவருடைய காசுகளைப் பார்க்க வருகிறார். கெம்பஸில் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்கள். சாலிஹிடம் உள்ள ஆகப் பழைய மூன்று காசை இனாயா ஃபோனில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மிஸ் நேரிலேயே வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

காலையில் எழும்பியதிலிருந்து சாலிஹ் நிலத்தில் கால் பாவாமல் நடந்தார். ஒன்பது மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். காசுகளைப் பரத்தி வைக்கக் கறுப்பு வெல்வெட் துணி வேண்டுமாம்.

பட்டறை வெள்ளிக்கிழமை பூட்டு. ஷிஹான் முன் விறாந்தையில் சும்மா இருந்தான். இனாயா கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். திரைச்சீலைக்குப் பின்னால், சமையலறையில், மாமி தன்பாட்டில் புறுபுறுப்பது கேட்டது.

“படிச்ச மிஸ் ஒராள் வரக்குள்ள இந்த மனிசன்ட மூணு காசும் பாசி புடிச்ச மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் புளியப் போட்டுத் தேய்ச்சா என்னவாம்? ஆரு செய்யப் போறா?”

ஷிஹான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மாமி அதை அவனுக்குச் சொல்லவில்லை. சட்டி பானைக்குச் சொன்னார். ஆனால் ஏழு மாதத்தில் இந்த வீட்டில் அவன் காதில் விழுந்த முதல் வேலை அது. அதுவும் அவனுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. பட்டறையில் சேர்ந்த முதல் நாளே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: கைக்கு வந்த பொருள் மினுங்காமல் திரும்பிப் போகக் கூடாது.

காசு அலுமாரி முன்வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. சாவி அதிலேயே தொங்கும். வீட்டை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அலுமாரியை மட்டும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவது மரியாதையில்லை என்று சாலிஹ் அதை அப்படியே விட்டிருந்தார். மரியாதை எங்கெங்கே ஆளைக் கவிழ்க்கும் என்று பாருங்கள்.

மேல்தட்டில், பஞ்சு வைத்த சின்னப் பெட்டியில், அந்த மூன்றும் இருந்தன. ஒவ்வொன்றும் சின்னவிரல் நகத்தளவு. கரும்பச்சையாகக் களிம்பேறி, ஏதோ காய்ந்த இலைத் துண்டு மாதிரி. இவை மாமாவிடம் உள்ளதிலேயே பழையவை என்று ஷிஹானுக்குத் தெரியும். அதனால்தான் இப்படி ஊத்தையாக இருக்கின்றன என்று அவன் நினைத்தான்.

பழப்புளியைக் கரைத்து, உப்புப் போட்டு, சின்னக் கேத்தலில் கொதிக்க வைத்தான். காசைப் போட்டான். தண்ணீர் கலங்கியது. எடுத்து, பூவந்திக் கொட்டை நுரையில் பழைய பல் பிரஷால் மெல்ல, வட்டமாக, இரண்டு பக்கமும் தேய்த்தான். மறுபடி புளியில் போட்டான். மறுபடி தேய்த்தான். அவசரப்படவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மூன்று காசும் புதுச் செம்புக் கம்பியை வெட்டிப் போட்ட மாதிரி இளஞ்சிவப்பாக மினுங்கின.

தன் கைவேலையைப் பார்த்து அவனுக்கே சந்தோஷமாக இருந்தது. மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வரிசையாக வைத்துவிட்டு, மாமாவின் சைக்கிள் மணி கேட்கிறதா என்று காத்திருந்தான்.

சாலிஹ் பதினொன்றுக்கு வந்தார். கையில் சுருட்டிய வெல்வெட். முகமெல்லாம் சிரிப்பு.

“நல்ல துணி கிடைச்சிது மருமகன். பாருங்களன், தொட்டா பூனைக்குட்டி மாதிரி இரிக்கி.”

“மாமா, இதப் பாருங்க” என்றான் ஷிஹான்.

சாலிஹ் மேசையைப் பார்த்தார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒன்றை எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தேடுகிற மாதிரி நாலைந்து தரம் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“நீங்களா செஞ்ச மருமகன்?”

“ஓம் மாமா. மிஸ் வாறாங்க எண்டு. பிடிச்சிருக்கா?”

சாலிஹ் காசைத் திரும்ப வெள்ளைத் துணியில் வைத்தார். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

“நல்லா மினுங்குது” என்றார். “கஷ்டப்பட்டிருக்கீங்க. கையெல்லாம் புளி. போய்க் கழுவுங்க மருமகன்.”

வெல்வெட்டை நாற்காலியில் வைத்துவிட்டுப் பின்வீட்டுக்குப் போனார். சைக்கிளில் செருகியிருந்த பூட்டைப் போட மறந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து இனாயா ஈரக் கையோடு உள்ளே வந்தாள்.

“இது என்ன காசு? வாப்பா புதுசா வாங்கினதா?”

ஷிஹான் சிரித்தபடி விஷயத்தைச் சொன்னான். சொல்லி முடிக்க முன்னமே இனாயா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டாள், வெல்வெட்டின் மேலேயே.

“அல்லாஹ்வே! இந்த மூணையுமா?”

“ஏன்? என்ன?”

“அந்தப் பச்சையிலதானே எல்லாம் இருந்திச்சி. ஒரு பக்கம் ராசாட தலை, மத்தப் பக்கம் ரெண்டு சிப்பாய். செம்பு எப்பவோ தேஞ்சி போயிட்டு. மேல புடிச்சிருந்த களிம்புலதான் அந்த உருவம் நிண்டிச்சி. அதத் தேய்ச்சா வெறுந் தகடுதான். வாப்பா முப்பத்தெட்டு வருசமா அத ஒரு துணியாலயும் துடைச்சதில்ல.”

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் வவுணதீவுப் பக்க பஸ்ஸில் சாலிஹ் கொண்டக்டராக இருந்தபோது, நல்லரத்தினம் என்ற விவசாயி டிக்கெட்டுக்குக் காசு போதாமல் மடியை அவிழ்த்து இந்த மூன்றையும் கொடுத்தார். வயல் வட்டையில் வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டியில் பட்டவையாம். ‘இது செல்லுமா தம்பி?’ என்று அவர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. சாலிஹ் தன் பையிலிருந்து டிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு அவற்றை வைத்துக்கொண்டார். அவர் காசு சேர்க்கத் தொடங்கியதே அன்றுதான். பிற்பாடுதான் யாரோ சொன்னார்கள், ரோமாபுரிக் காசு, ஆயிரத்து அறுநூறு வருடம் இருக்கும் என்று. நம்பினவர்கள் கொஞ்சம் பேர். படித்த ஒருவர் வந்து, ‘ஓம், இது அதுதான்’ என்று சொல்ல வேண்டும் என்பதுதான் சாலிஹின் ஒரே ஆசையாக இருந்தது. அந்த ஒருவர் இன்றைக்கு வருகிறார்.

இதையெல்லாம் இனாயா சொல்லக் கேட்ட ஷிஹானால் அங்கே இருக்க முடியவில்லை. எழும்பிப் பின்வீட்டுக்கு ஓடினான். அவன் வருகிற சத்தத்தைக் கேட்டு மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் மறைந்தார். சாலிஹ் கட்டிலின் ஓரத்தில் இருந்தவர் எழும்பினார்.

“வாங்க மருமகன். இருங்க.”

“மாமா, எனக்குத் தெரியாது. தெரியாமச் செஞ்சிட்டன்.”

“பரவால்ல, பரவால்ல. செம்புதானே.”

“என்ன ஏசுங்க மாமா.”

சாலிஹ் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க ஷிஹானுக்குப் பொறுக்கவில்லை. “மாப்பிள்ளைய ஆரும் ஏசுவாங்களா? ஜும்ஆவுக்கு நேரமாகுது. குளிச்சிட்டு வாங்க” என்றார்.

பள்ளிவாசலுக்கு இரண்டு பேரும் ஷிஹானின் மோட்டார் சைக்கிளில்தான் போனார்கள். பின்னால் இருந்த சாலிஹ் வழி முழுக்க ஒரேயொரு வார்த்தை சொன்னார்: ‘பள்ளம், மெதுவா மருமகன்.’ கண்ணாடியில் ஷிஹான் அவர் முகத்தைப் பார்த்தான். வெயில் கூசுவதால்தான் கண்ணை மூடியிருக்கிறார் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான். பள்ளி வாசலில் அறிந்தவர்கள், ‘என்ன சல்லி சாலிஹ், இண்டைக்கித்தானே கெம்பஸ்காரங்க வாற?’ என்று கேட்டார்கள். ‘ஓம், ஓம்’ என்று தலையாட்டிக்கொண்டு போனார்.

அந்த ஒரு மணி நேரத்தில் ஷிஹான் ஒரு முடிவுக்கு வந்தான். பதினெட்டாம் திகதிப் பயணத்தைப் பற்றி இனி இந்த வீட்டில் பேசவே தேவையில்லை. சொல்லாமல் சூட்கேஸை எடுத்துக்கொண்டு போய்விடலாம். யார் தேடப் போகிறார்கள்?

பகல் சாப்பாட்டுக்குக் கொடுவா மீன். நடுத்துண்டு வழக்கம்போல அவன் தட்டுக்கு வந்தது. சாலிஹே எடுத்து வைத்தார்.

ஷிஹானுக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவிவிட்டு அறைக்குள் வந்தவன் இனாயாவிடம், “உங்கட வாப்பா என்னோட கதைக்கிறாரு. பேசமாட்டேங்கிறாரு. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமக் கிடக்கு” என்றான்.

வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கத்தில் கதைப்பது வேறு, பேசுவது வேறு. பேசுவது என்றால் ஏசுவது. அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இனாயா அவன் சேர்ட்டின் கைப்பட்டியில் ஒட்டியிருந்த புளிக்கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்குச் சரியாக ஸ்கூட்டியில் தக்ஷாயினி மிஸ் வந்தார். நாற்பது வயதிருக்கும். சிரித்த முகம். கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி. மாமி முதல் நாளே முட்டை அடித்து வட்டிலப்பம் அவித்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மிஸ் முட்டைகூடச் சாப்பிடுவதில்லை என்று வந்த பிறகுதான் தெரிந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பெரிய பெருமூச்சு கேட்டது. இனாயா ஓடிப்போய்க் கதலிப் பழமும் தேத்தண்ணீரும் கொண்டுவந்தாள்.

வெல்வெட்டில் காசுகளைப் பரத்தியிருந்தார் சாலிஹ். ஒல்லாந்தர் துட்டுகள், சோழர் காசு என்று இரண்டு, பிரித்தானியர் காலத்துச் சதங்கள். மிஸ் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சாலிஹ் எழுதி வைத்திருந்த விவரங்களைப் பார்த்து, “ஐயா, நீங்க கெம்பஸுக்கு வந்து படிப்பிக்கலாம் போல இருக்கு” என்றார். சாலிஹ் கூச்சத்தோடு நாடியைத் தடவினார்.

“சரி, அந்த மூண்டையும் காட்டுங்க ஐயா. அதுக்காகத்தானே நான் வந்தது.”

சாலிஹ் பெட்டியைத் திறந்து கொடுத்தார். மிஸ் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். மூன்றாவதையும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லப் போனது.

“இது... ஃபோட்டோவில பச்சையா இருந்ததே. ஆர் ஐயா இதத் துலக்கினது?”

ஷிஹான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவன் வாய் திறப்பதற்குள் சாலிஹ் முந்திக்கொண்டார்.

“நான்தான் மிஸ்.”

“நீங்களா?”

“ஓம். நீங்க வாறீங்க எண்டு... வடிவா இருக்கட்டுமெண்டு புளி போட்டன்.”

மிஸ்ஸால் நம்ப முடியவில்லை. “முப்பத்தெட்டு வருசமாச் சேர்க்கிற ஆள் நீங்க. இந்தப் பிழைய எங்கட முதல் வருசப் பிள்ளைகளும் செய்யாதுகள் ஐயா. இதுல இப்ப ஒண்டுமே இல்லையே. இத இனி ரோமக் காசெண்டு நான் எப்படிச் சொல்ற?”

சாலிஹ் தலையைக் குனிந்துகொண்டார். “புத்தியில்லாமச் செஞ்சிட்டன் மிஸ்” என்றார்.

எந்த ஒருவர் வாயிலிருந்து ‘ஓம்’ என்ற சொல்லைக் கேட்க இத்தனை வருடம் காத்திருந்தாரோ, அவருக்கு முன்னால் தன்னை ஒன்றும் தெரியாதவனாக ஆக்கிக்கொண்டு நிற்கிறார். மருமகனின் முகம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

“மிஸ், மாமா இல்ல. நான்தான் செஞ்சன்” என்றான் ஷிஹான்.

“மருமகன், நீங்க சும்மா இருங்க.”

“இல்ல மிஸ். மாமாக்கு ஒண்டும் தெரியாது. அவர் கடைக்குப் போயிருக்கக்குள்ள நான்தான் கேக்காம எடுத்து...”

“மருமகன்!”

“...புளியில அவிச்சி, பிரஷால தேய்ச்சி...”

“வாயப் பொத்துடா!”

தேத்தண்ணீர்க் கோப்பை தட்டில் துள்ளியது. வளவில் நின்ற கோழிகூடக் கத்துவதை நிறுத்தியது.

சாலிஹ் எழும்பி நின்றிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம், காலையிலிருந்து என்ன, ஏழு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

“ஆருடா உனக்கு அதத் தொடச் சொன்ன? ஆயிரத்தி அறுநூறு வருசம் மண்ணுக்குள்ள கிடந்து தப்பின சாமான்டா அது! சண்டையில தப்பிச்சி. சுனாமியில தப்பிச்சி, கழுத்தளவு தண்ணிக்குள்ள அந்தப் பெட்டியத் தலையில வச்சிட்டு ஓடினன் நான். கடைசியில உன்ட புளித்தண்ணியிலயா அது மௌத்தாகணும்? ஒரு சொல்லு கேக்க ஏலாதா உனக்கு? பின்னுக்கு இருபது அடி நடந்தா நான் இரிக்கன். ‘மாமா, இதச் செய்யவா’ண்டு கேட்டா வாய் தேஞ்சா போகும்? எதையும் சொல்றதில்ல, எதையும் கேக்கிறதில்ல! ராவைக்குக் கேற்றப் பூட்டாமப் படுக்கிற, நான் வந்து பூட்டிட்டுப் போறன். விறாந்தை லைட்ட விடியும்வரை எரிய விடுற. மீன்ட நடுத்துண்ட வச்சா பூனைக்குப் போடுற, நான் பாக்கல்ல எண்டா நெனச்ச?”

“இஞ்ச, என்ன இது! மாப்பிள்ளையப் போயி...” என்று ஒரு குரல் கேட்டது.

சித்தி நபீஸா மாமி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார். கையில் கரண்டி. முக்காடு பாதி. வந்த பிறகுதான் தான் வந்திருப்பதே அவருக்குத் தெரிந்தது. ஆனால் திரும்பிப் போகவில்லை.

“அவரப் பேசாதீங்க. நான்தான் புளி போட்டா என்னெண்டு சொன்னன்.”

“நீயுமா?”

“நான் சட்டிக்குச் சொன்னன். புள்ள கேட்டிருக்கு. இப்ப பாருங்க, புள்ள அழுகுது.”

உண்மைதான். ஷிஹான் அழுதுகொண்டிருந்தான். வெளியாள் ஒருவருக்கு முன்னால் இப்படி வாங்கிக் கட்டுவது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அது வெட்கத்தின் கண்ணீர் மட்டுமல்ல. கேற்றுக்கும் லைட்டுக்கும் பூனைக்கும் சேர்த்து ஒரு மனிதர் தன்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. மூன்று வருடத்துக்குப் பிறகு ஒருவர் அவனை ‘டா’ போட்டு ஏசுகிறார். அவனுக்கு அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பாவம் தக்ஷாயினி மிஸ், பாதி உரித்த கதலிப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் இருந்தார். கொஞ்சம் அமைதியான பிறகு தொண்டையைச் செருமினார்.

“ஐயா, ஒண்டு சொல்லட்டா? உங்கட மகள் அனுப்பின ஃபோட்டோ நல்ல தெளிவா இருக்கு. தலையும் தெரியுது, சிப்பாய்களும் தெரியுது. அத வச்சி இது ரோமக் காசுதானெண்டு நான் எழுதித் தருவன். அதில எனக்குச் சந்தேகமில்ல.”

சாலிஹ் அவரையே பார்த்தார். “அது... அதுதானா மிஸ்?”

“ஓம் ஐயா. அதுதான்.”

சாலிஹ் உடுத்திருந்த சாரத்தின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். அது ஊத்தையாகவே இருக்கவில்லை.

“ஃபோட்டோவப் பெரிசா அச்சடிச்சி, பக்கத்தில இந்த மூண்டையும் இப்படியே வைப்பம்” என்றார் மிஸ். “துலக்கினா என்ன நடக்குமெண்டு பிள்ளைகள் கண்ணால பாக்கட்டும். ஆனா ஒண்டு. தம்பியும் வரவேணும். எப்படித் துலக்கின எண்டு அவரே சொன்னாத்தான் பிள்ளைகளுக்கு ஏறும். கண்காட்சி இருபதாந் திகதி.”

“வருவான்” என்றார் சாலிஹ், ஷிஹானைக் கேட்காமலே. “வராம எங்க போப்போறான்?”

மிஸ்ஸைக் கேற்றுவரை போய் வழியனுப்பிவிட்டு வந்த சாலிஹ், யோசிக்காமல் அந்த நல்ல நாற்காலியில் தானே உட்கார்ந்தார். காலை நீட்டினார். கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருந்தது.

“ஷிஹான்! குடிக்கத் தண்ணி ஒரு கிளாஸ் கொண்டா.”

பெயர். முதல் தடவையாக அவனுடைய பெயர். ஷிஹான் ஓடினான். மாமி வழியை விட்டு ஒதுங்காமல், மண்குடம் எங்கே இருக்கிறதென்று கரண்டியால் காட்டினார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவன் சிரிப்பதைப் பார்த்த இனாயாவும் சிரித்தாள். கலியாணத்துக்குப் பிறகு அவன் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

சாலிஹ் பாதிக் கிளாஸைக் குடித்துவிட்டுச் சொன்னார்: “இருபதாந் திகதி விடிய ஏழு மணிக்கு வெளிக்கிடணும். ஷேவெடுத்து மனிசனாட்டம் வா. அந்தச் சிவத்தச் சேர்ட்டப் போட்டுட்டு வந்திராத. அங்க நிண்டு என்ன கேட்டாலும், ஓம், நான்தான் நாசமாக்கினன் எண்டு சொல்லணும். பயப்பிடாத. பக்கத்தில நான் நிப்பன்.”

ஷிஹானின் சிரிப்பு நின்றது.

இனாயாவைப் பார்த்தான். அவள் விளங்கிக்கொண்டாள். இப்போது வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினாள். இந்த ஒரு பின்னேரமாவது இப்படியே இருக்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று அவள் கண் கெஞ்சியது.

அவனும் அதைத்தான் விரும்பினான். ஆனால் ‘எதையும் சொல்றதில்ல, எதையும் கேக்கிறதில்ல’ என்று ஏசிய மனிதர் முன்னால் இருந்தார். இவருக்குத் தெரியாமல் இன்னொன்றையும் செய்துவிட்டு இவர் முகத்தை இன்னொரு தடவை பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

“மாமா, நான் ஒண்டு சொல்லணும்.”

“சொல்லு.”

“எனக்குக் கட்டார்ல வேலை கிடைச்சிருக்கு. பதினெட்டாந் திகதி டிக்கெட். சொல்லணும், சொல்லணுமெண்டுதான் இருந்தன்.”

கிளாஸ் சாலிஹின் கையிலேயே நின்றது. மாமி சுவரில் சாய்ந்துகொண்டார். ஷிஹான் மாமாவின் முகத்தையே பார்த்தான். ஏசுவார் என்று காத்திருந்தான். டேய் என்பார், அறிவிருக்கா என்பார், காலை உடைப்பேன் என்பார். என்ன சொன்னாலும் தலை குனிந்து கேட்டுக்கொள்வதற்கு, அவர் போகாதே என்றால் நின்றுவிடுவதற்கு அவன் தயாராக இருந்தான்.

சாலிஹ் மிச்சத் தண்ணீரைக் குடித்தார். கிளாஸை மேசையில் வைத்தார். பிறகு அந்த நல்ல நாற்காலியிலிருந்து எழும்பி, சாரத்தைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

“சந்தோஷம் மருமகன்” என்றார். “ஏன் நிக்கிறீங்க? இருங்க.”